உயர்நிலைப்பள்ளி ஆங்கில எழுத்துப் பயிற்சியில் விழுமியமும் எதிர்காலத் திட்டமிடலும்: தேன்கனிக்கோட்டைப் பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் (2019) பல நேர்மறை விழுமியங்களைச் செய்யுள், உரைநடைப் பகுதிகளின் வழியே முன்வைக்கிறது. அவ்விழுமியங்களை மாணவர் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு எழுத்துப் பயிற்சியில்தான் அமைகிறது. ஆனால் ‘என் வாழ்வின் இலட்சியம்’ போன்ற தலைப்புகளில் எழுதப்படும் பத்திகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கப்படுவதால், எதிர்காலம் பற்றிய சிந்தனை எழுத்தில் நிகழாமலே போகிறது. தொழிற்சாலைகளும் மலைக்கிராமங்களும் நான்கு மொழிகளும் அருகருகே அமைந்த தேன்கனிக்கோட்டைப் பகுதியைக் களமாகக் கொண்டு, பாடநூலின் சில பகுதிகளை இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. தடையையும் ஐயத்தையும் நிபந்தனையையும் எழுதக் கற்பிக்கும்போதுதான் விழுமியக் கல்வியும் எதிர்காலத் திட்டமிடலும் பொருள் பெறும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: விழுமியக் கல்வி, எதிர்காலத் திட்டமிடல், ஆங்கில எழுத்துத்திறன், தேன்கனிக்கோட்டை, பன்மொழிச் சூழல், திருக்குறள்

முன்னுரை

பள்ளிக்கல்வி மாணவருக்கு அறிவையும் திறனையும் வழங்குவதோடு நற்பண்புகளையும் வளர்க்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். இதற்கெனத் தனிப்பாடம் வைப்பதா, எல்லாப் பாடங்களிலும் கலந்து கற்பிப்பதா என்னும் விவாதம் நெடுநாளாகத் தொடர்கிறது. 2016ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் அடங்கிய 108 அதிகாரங்களை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு ஆணையிட்டது. இது முதல் வழியைச் சார்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்கள் இரண்டாம் வழிக்கு நெருக்கமானவை. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னை அறிதல், பிறர்நிலை உணர்தல் முதலான அத்திறன்கள், சொல்லிக் கொடுப்பதால் மட்டும் வருவன அல்ல. செய்து பழகுவதால் வருவன.

எழுத்து அவ்வாறு செய்து பழகும் வினைகளுள் ஒன்று. ஒரு கருத்தைத் தேர்ந்து, அதற்குக் காரணம் காட்டி, எதிர்நிலையை எண்ணிப் பார்த்து, முடிவுக்கு வருதல் என்னும் படிநிலைகள் அதில் உள்ளன. ஆகவே விழுமியங்களையும் எதிர்காலத் திட்டமிடலையும் ஆங்கில எழுத்துப் பயிற்சியின் வழியே கற்பிக்கலாம் என்னும் கருத்து கொள்கையளவில் ஏற்கத்தக்கதே. அது வகுப்பறையில் எவ்வாறு நிகழ்கிறது, எங்குத் தடைப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது. தமிழ்நாட்டுப் பாடநூல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. ஆயினும் அதைப் படிக்கும் மாணவர் ஓர் ஊரில் வாழ்பவர். அவ்வூரிலிருந்து பாடநூலை வாசிக்கும்போது புலப்படும் இடைவெளிகளை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

களம்: தேன்கனிக்கோட்டைப் பகுதி

2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் தேன்கனிக்கோட்டை வட்டம் அமைந்துள்ளது. தளி, கெலமங்கலம் ஆகிய ஒன்றியங்களும் அஞ்செட்டி மலைப்பகுதியும் சேர்ந்த இந்நிலப்பரப்பில் கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் விளைகின்றன. காடுகளையொட்டிய ஊர்களில் யானைகளால் பயிர் சேதமாவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் உருதும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன.

இதற்கு அருகே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் உள்ளது. 1970களில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய நிறுவனங்கள் அங்கு வளர்ந்தன. அண்மை ஆண்டுகளில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலை ஓசூரை அடுத்தும், ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலும் தொடங்கப்பட்டன. இவ்விரண்டும் இளம்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்துவனவாக அறியப்படுகின்றன. மறுபுறம், அஞ்செட்டி, தளி மலைக்கிராமங்களில் பதினெட்டு வயது நிறையாப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைக்கும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை என்பதை நாளிதழ்ச் செய்திகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

இச்சூழலில் பத்தாம் வகுப்பு என்பது ஒரு கிளைப்பாதை. மேல்நிலைக் கல்வி, தொழிற்பயிற்சி நிலையம், பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரி, ஒப்பந்தக் கூலி, வீட்டு வேலை, திருமணம் என ஒவ்வொருவர் வாழ்வும் இங்கிருந்து பிரிகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில்தான் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பத்தாம் வகுப்பு மாணவர் அவ்வயதைக் கடந்துவிட்டவர். சட்டத்தின் பிடி தளரும் அதே வயதில் குடும்பத்தின் எதிர்பார்ப்பு இறுகுகிறது. எனவே ‘நீ என்ன செய்யப் போகிறாய்?’ என்னும் வினாவை ஒரு பள்ளிப்பாடம் கேட்குமாயின், அதற்குக் கிடைக்கும் விடை அற்பமானதன்று.

‘என் இலட்சியம்’ என்னும் பத்தி

பள்ளி ஆங்கிலத்தில் எதிர்காலம் பற்றி எழுதச் சொல்லும் மிகப் பழைய தலைப்பு ‘என் வாழ்வின் இலட்சியம்’. மருத்துவராவேன், ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பேன், நாட்டுக்குத் தொண்டாற்றுவேன் என்னும் வாக்கியங்கள் துணைநூல்களின் வழியே தலைமுறைகளாகக் கைமாறி வருகின்றன. இவ்வாக்கியங்களில் விழுமியம் உண்டு, எதிர்காலமும் உண்டு. எழுதுபவர் மட்டும் இல்லை. எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, யார் துணை, தோற்றால் என்ன வழி என்பன அப்பத்தியில் இடம்பெறுவதில்லை.

இதன் மொழியமைப்பு கவனிக்கத்தக்கது. ஆங்கில விழுமியப் பத்திகளில் ‘வி ஷுட்’ என்னும் தொடரும், இலட்சியப் பத்திகளில் ‘ஐ வில்’ என்னும் தொடரும் வாக்கியத்துக்கு வாக்கியம் வருகின்றன. முன்னது கடமையையும் பின்னது உறுதியையும் குறிக்கிறது. திட்டமிடலுக்கு இவ்விரண்டு மட்டும் போதா. ‘மே’, ‘மைட்’, ‘குட்’ என்னும் வாய்ப்பைக் குறிக்கும் துணைவினைகளும், ‘இஃப்’, ‘அன்லெஸ்’ என்னும் நிபந்தனைச் சொற்களும் தேவை. பத்தாம் வகுப்பு இலக்கணப் பகுதியில் துணைவினைகள் உள்ளன. ஆனால் அவை கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியாகவே பெரிதும் கையாளப்படுகின்றன. இலக்கண வகுப்பில் கற்ற ‘மே’, எழுத்து வகுப்பில் எதிர்காலத்தைப் பற்றி எழுதும்போது பயன்படுவதில்லை.

தமிழ்வழி மாணவருக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. ‘போகலாம்’ என்னும் ஒரே தமிழ்வினை இசைவையும் வாய்ப்பையும் இயலுமையையும் குறிக்க வல்லது. ஆங்கிலம் இவற்றை வெவ்வேறு துணைவினைகளாகப் பிரிக்கிறது. இவ்வேறுபாடு விளக்கப்படாதபோது மாணவர் எல்லாவற்றுக்கும் ‘வில்’ என்றே எழுதுகிறார். ஐயத்துடன் எண்ணிய ஒன்று உறுதிமொழியாக மாறிவிடுகிறது.

உளவியல் ஆய்வுகளும் இவ்விடத்தில் துணைசெய்கின்றன. ஹேசல் மார்க்கஸ், பவுலா நூரியஸ் ஆகியோர் 1986இல் முன்வைத்த ‘சாத்தியத் தன்னிலைகள்’ என்னும் கருத்தாக்கம், ஒருவர் ஆக விரும்பும் நிலையோடு ஆகிவிட அஞ்சும் நிலையையும் கணக்கில் கொள்கிறது. காப்ரியேலே ஓட்டிங்கன் நிகழ்த்திய ஆய்வுகள், இனிய எதிர்காலக் கற்பனை மட்டும் முயற்சியைத் தூண்டுவதில்லை என்றும், விருப்பத்தையும் அதற்குரிய தடையையும் அருகருகே வைத்து எண்ணுவதே செயலுக்கு இட்டுச்செல்கிறது என்றும் காட்டின. இவ்வளவுகோலால் நோக்கின், தடை எதுவும் எழுதப்படாத இலட்சியப் பத்தி திட்டமிடலின் பாதியைக்கூட நிறைவேற்றவில்லை.

முணுமுணுப்பும் முறையீடும்

பாடநூலின் செய்யுட்பகுதியில் எல்.எம். மாண்ட்கோமரி எழுதிய ‘தி கிராம்பிள் ஃபேமிலி’ இடம்பெற்றுள்ளது. எதிலும் நிறைவடையாத ஒரு குடும்பம், குறைகூறும் தெருவில் வாழ்வதாக அக்கவிதை நகைச்சுவையுடன் சித்திரிக்கிறது. அவர்களோடு தங்குபவர் தாமும் முணுமுணுக்கக் கற்றுக்கொள்வர். எனவே அத்தெருவின் பக்கம் செல்லாமல், நல்லது நடந்தாலும் தீயது நடந்தாலும் புன்னகையுடன் வாழ வேண்டும் என்பது அதன் அறிவுரை. நேர்மறைச் சிந்தனையைக் கற்பிக்கும் பகுதியாக இது வகுப்பறையில் விளக்கப்படுகிறது.

இதே பாடத்திட்டத்தின் எழுத்துப் பகுதியில் அலுவல்முறைக் கடிதம் உள்ளது. பள்ளி ஆங்கிலத்தில் அதன் வழக்கமான பொருள் குறை தெரிவித்தலே. குப்பை அகற்றப்படவில்லை, சாலை பழுதடைந்துள்ளது, பேருந்து வரவில்லை என்று உரிய அலுவலருக்கோ நாளிதழ் ஆசிரியருக்கோ எழுதுமாறு மாணவர் பயிற்றுவிக்கப்படுகிறார். செய்யுள் வகுப்பு குறை கூறாதே என்கிறது. கடித வகுப்பு குறையை முறையாகக் கூறு என்கிறது. இம்முரண் வகுப்பறையில் பேசப்படாமல் போவது ஒரு பெரும் வாய்ப்பிழப்பு.

முணுமுணுப்புக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாடே இங்குக் கற்பிக்க வேண்டிய விழுமியம். முணுமுணுப்பு எவரையும் நோக்கியதன்று. முறையீடு பொறுப்புடைய ஒருவரை நோக்கியது. முணுமுணுப்புக்குச் சான்று வேண்டா; முறையீட்டுக்கு நாளும் இடமும் விவரமும் வேண்டும். மலைக்கிராமத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கு மாலைப் பேருந்து இல்லையெனில், அவள் படிப்பு அந்த ஒரு பேருந்தில் தொங்குகிறது. அவளிடம் புன்னகையுடன் ஏற்றுக்கொள் என்பது நேர்மறை அறிவுரை ஆகாது. ‘குறை கூறும் தெருவுக்குச் செல்லாமலே ஒரு குறையை எவ்வாறு தெரிவிப்பாய்?’ என்னும் வினாவுடன் கவிதையையும் கடிதத்தையும் ஒரே பாடவேளையில் இணைத்தால், இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். கவிதையின் அறிவுரையும் பொய்க்காது. கடிதத்தின் தேவையும் விளங்கும்.

எறும்பின் அறமும் கூலிக் குடும்பத்தின் கணக்கும்

எதிர்காலத் திட்டமிடலை நேரடியாகப் பேசும் பகுதி ஈசாப் கதையைத் தழுவிய ‘தி ஆண்ட் அண்ட் தி கிரிக்கெட்’ என்னும் செய்யுள். கோடையெல்லாம் பாடித் திரிந்த பூச்சி குளிர்காலத்தில் உணவின்றி எறும்பிடம் உதவி கேட்கிறது. எறும்புகள் கடன் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று மறுக்கும் எறும்பு, கோடையில் பாடியதுபோல் இப்போது ஆடிப்போ என்று அனுப்பிவிடுகிறது. இத்தகைய பூச்சிகள் மனிதரிலும் உண்டு எனக் கவிதை முடிகிறது. சேமிப்பு, முன்யோசனை, உழைப்பு ஆகியன இதன் விழுமியங்களாகச் சுட்டப்படுகின்றன.

இக்கதையைத் தேன்கனிக்கோட்டைப் பகுதியின் தக்காளி விவசாயி ஒருவரின் மகள் படிப்பதாகக் கொள்வோம். கோடை முழுதும் உழைத்தும், விலை வீழ்ந்த வாரத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் பழம் செடியிலேயே விடப்படுவதை அவள் அறிவாள். அவள் வீட்டில் வறுமை பாடித் திரிந்ததன் விளைவன்று. கடன் வாங்காமலும் கொடுக்காமலும் ஒரு விதைப்புப் பருவத்தைக்கூடக் கடக்க இயலாது என்பதும் அவளுக்குத் தெரியும். எறும்பின் மறுப்பை அறம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆயின் அவள் தன் வீட்டின் அனுபவத்தைத் தவறென்று எழுதியவள் ஆவாள்.

இதனால் அச்செய்யுள் நீக்கத்தக்கது என்பது பொருளன்று. அது எழுப்பும் வினாக்கள் எழுத்துப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை. உழைத்தும் இழந்தவருக்கு எறும்பு என்ன விடை சொல்லும்? கொடுக்க மறுத்த எறும்புக்கு மழை வெள்ளத்தில் யார் உதவுவர்? சேமிப்பு என்பது தானியம் மட்டுமா, உறவும் சேமிப்பா? இவ்வினாக்களுக்கு ஐந்து வாக்கியங்களில் விடை எழுதும் மாணவர் முன்யோசனை என்னும் விழுமியத்தை மறுக்கவில்லை. அதன் எல்லையை அறிகிறார். எல்லை அறியப்படாத விழுமியம் அறிவுரையாக நிற்கும். வாழ்வில் பயன்படுத்தத்தக்க அளவுகோலாக மாறாது.

இயந்திரத்தின் குரல்

ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ என்னும் கவிதை 1911இல் வெளிவந்தது. சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டு உருக்கி வார்க்கப்பட்ட தம் வரலாற்றை இயந்திரங்களே கூறுகின்றன. சிறிது நீரும் நிலக்கரியும் எண்ணெயும் கொடுத்தால் இருபத்துநான்கு மணி நேரமும் உழைப்போம் என்கின்றன. தாம் அன்பும் இரக்கமும் மன்னிப்பும் அறியாதவை என்றும், கையாள்வதில் பிழை நேர்ந்தால் உயிர் போகும் என்றும் எச்சரிக்கின்றன. இறுதியில் தாம் மனித மூளையின் குழந்தைகளே என ஒப்புக்கொள்கின்றன.

இது பொதுவாக அறிவியல் முன்னேற்றத்தின் பெருமையாகவோ தீமையாகவோ விளக்கப்படுகிறது. ஓசூர்ப் பகுதியில் இதற்கு அண்மைப் பொருள் உண்டு. மாணவரின் அண்ணனோ அக்காவோ ‘ஷிப்ட்’ முறையில் பணியாற்றும் வீடுகள் இங்குப் பல. மூன்று வேளைப் பணிமுறை, நிறுவனப் பேருந்து, விடுதி வாழ்வு ஆகியன அவர்களுக்குக் கேள்வியறிவன்று. ‘ஓர் இயந்திரத்தின் அருகில் எட்டு மணி நேரம் நிற்பவர் அவ்வியந்திரத்துக்கு எழுதும் மறுமொழி’ என்று ஒரு பயிற்சி அமைத்தால், தொழில்நுட்பம் பற்றிய பொதுப்பேச்சு பாதுகாப்பு, ஓய்வு, ஊதியம், தொழிற்பெருமை என்னும் திட்டவட்டமான பொருள்களுக்கு இறங்கிவரும். வீட்டில் உள்ள தொழிலாளியிடம் கேட்டறிந்தே அதை எழுத முடியும் என்பதால் எழுத்து ஒரு விசாரணையாகவும் அமையும். தொழிற்சாலைப் பணியை உயர்த்தியோ தாழ்த்தியோ பேசாமல், அதை ஒரு தேர்வாக எடைபோடும் வாய்ப்பு அங்கு உண்டாகும்.

எதிர்காலத்தைத் திட்டமிடுபவர் யார்?

எதிர்காலத் திட்டமிடல் என்னும் தொடர் கள்ளமற்றது போலத் தோன்றும். ஆனால் யாருடைய எதிர்காலத்தை யார் திட்டமிடுகின்றனர் என்னும் வினாவுக்கு இப்பகுதியோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது 1953இல் ஊரகத் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அத்திட்டம். உழைப்பின் மதிப்பு, குடும்பத் தொழிலில் பெருமை என்னும் நேர்மறை விழுமியங்களே அதற்கு அடிப்படையாகக் கூறப்பட்டன. பெரியாரும் பிறரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதைத் தொடர்ந்து அது கைவிடப்பட்டது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவானது. நல்ல விழுமியம் ஒன்றை முன்னிறுத்தியே ஒருவரின் எதிர்காலத்தைச் சுருக்கவும் இயலும். அடக்கம், பொறுமை, பெற்றோர் சொல் கேட்டல் ஆகியன நற்பண்புகளே. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயிக்கப்படும் வீட்டில் அதே பண்புகள் அவளுக்கு எதிராகத் திரும்பக்கூடும். பாடநூலில் உள்ள அல்போன்ஸ் தோதேயின் ‘தி லாஸ்ட் லெஸன்’ கதையும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. தாய்மொழிப் பற்றின் கதையாகவே அது கற்பிக்கப்படுகிறது. ஆயின் மூலக்கதையில் ஆசிரியர் ஹாமெல், சிறிது கூடுதல் வருவாய்க்காகப் பிள்ளைகளை வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பிய பெற்றோரையும், தம் தோட்டத்துக்கு நீரூற்ற மாணவரை ஏவிய தம்மையும் குற்றம் சாட்டுகிறார். கல்வியின் இழப்புக்கு மாணவனை மட்டும் பொறுப்பாக்காத அப்பேச்சு, எல்லைப்புறத் தொழிற்பகுதி ஒன்றின் வகுப்பறையில் உரக்கப் படிக்கத்தக்கது.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய கட்டுரையில், ஆசைப்படும் ஆற்றல் சமுதாயத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை என்று வாதிட்டார். வசதியுள்ளோர் தம் விருப்பத்தைச் செயலாக்கும் வழிகளைப் பலமுறை பயன்படுத்திப் பழகியிருப்பதால் எதிர்காலத்தின் வரைபடம் அவர்களுக்குத் தெளிவாக இருக்கிறது. வறியோர்க்கு அப்பழக்கம் வாய்ப்பதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். தமிழ் மரபில் இதற்கு இணையான ஓர் உண்மை உண்டு. திருக்குறளின் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய 47 முதல் 50 வரையிலான அதிகாரங்கள் திட்டமிடலின் முழுமையான இலக்கணம் எனத்தக்கவை. அவை பொருட்பாலின் அரசியலில், ஆள்வோனை நோக்கி அமைந்தவை. திட்டமிடல் அங்கு அரசனின் கலை. அக்கலையை ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்குக் கற்பிப்பதே பொதுக்கல்வியின் பணி.

எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வரைவு

மேற்கண்ட நான்கு அதிகாரங்களின் பெயர்களையே எழுத்துப் பயிற்சியின் படிநிலைகளாகக் கொள்ளலாம். முதற்படி, தெரிதல்: பத்தாம் வகுப்புக்குப் பின் தம் முன்னுள்ள இரண்டு வழிகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஆகும் செலவையும் கிடைக்கும் பயனையும் மாணவர் குறிப்பார். இரண்டாம் படி, வலியறிதல்: தம்மிடம் உள்ளது, துணைவர் யார், எதிர்நிற்பது எது எனப் பட்டியலிடுவார். மூன்றாம் படி, காலம்: சேர்க்கை மாதம், விண்ணப்ப நாள், வயது வரம்பு ஆகியவற்றை அறிந்து எழுதுவார். நான்காம் படி, இடம்: பள்ளியோ பயிற்சி நிலையமோ எங்கு உள்ளது, எவ்வாறு சென்று வருவது, தங்குமிடம் உண்டா என்பதை எழுதுவார். இந்நான்கு குறிப்புகளிலிருந்து ஒரு பத்தியும், தகவல் கேட்டு ஓர் அலுவல்முறைக் கடிதமும் உருவாகும்.

இதற்கு வேண்டிய செய்திகள் கிடைக்காதவை அல்ல. 2022 மார்ச் மாதம் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் நடைபெறுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டமும், 2024இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வியில் சேர்வோர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. வழிகாட்டல் வகுப்பில் செவிவழி கேட்ட செய்தி ஆங்கில வகுப்பில் தம் கையெழுத்தில் திட்டமாக மாறினால், இரண்டு வகுப்புகளும் பயன்பெறும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி பெண்ணின் திருமண வயது 18 என்பதும் ‘காலம்’ என்னும் படியில் இயல்பாக இடம்பெறத்தக்க செய்தியே.

வீட்டுமொழியின் பங்கு இங்கு இன்றியமையாதது. குறிப்புகளை மாணவர் தமக்கு எளிதான மொழியிலேயே முதலில் எழுதலாம். ‘வந்தால்’ என்னும் தமிழ் நிபந்தனை வினைக்கு இணையாகக் கன்னடத்தில் ‘பந்தரெ’ என்றும் தெலுங்கில் ‘வஸ்தே’ என்றும் வழங்குகின்றன. மூன்றிலும் நிபந்தனை வினையின் ஈற்றில் அமைகிறது. ஆங்கிலத்திலோ ‘இஃப்’ தொடரின் தலைப்பில் வருகிறது. இவ்வொப்பீட்டைக் கரும்பலகையில் மும்மொழியிலும் எழுதிக் காட்டும் ஆசிரியர், ஒரே நேரத்தில் இலக்கணத்தையும் திட்டமிடலின் மொழியையும் கற்பிக்கிறார். தம் வீட்டுமொழி கரும்பலகையில் இடம்பெற்றது என்னும் மதிப்புணர்வும் மாணவருக்குக் கிடைக்கிறது. இதுவும் ஒரு விழுமியமே.

எதிர்வாதங்கள்

இவ்வரைவுக்கு மூன்று எதிர்வாதங்கள் எழலாம். முதலாவது, தேர்வு. 2019–20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாக நடத்தப்படுகிறது. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல் முதலியன தலா ஐந்து மதிப்பெண் பெறும். முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவருக்கு மனப்பாடம் செய்த பத்தியே தேர்ச்சியை உறுதிசெய்யும் கருவி. அத்தேர்ச்சி இல்லாமல் எந்த எதிர்காலமும் இல்லை. இவ்வாதம் வலுவானது, மனப்பாடத்தை இழிவாகப் பேசுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பரிந்துரைக்கப்படும் பயிற்சி, தேர்வில் உள்ள கடித வடிவத்தையே பயன்படுத்துகிறது. தாம் உண்மையில் கேட்க விரும்பும் ஒன்றைப் பற்றி ஒருமுறை எழுதிய கடிதத்தின் வடிவம், பிறர் எழுதியதை ஒப்பிப்பதைக் காட்டிலும் நினைவில் நிற்கும் என எதிர்பார்க்க இடமுண்டு.

இரண்டாவது, ஆசிரியரின் சுமை. பெரிய வகுப்பில் ஒவ்வொருவர் திட்டத்தையும் தனித்தனியே திருத்துவது கடினம். நான்கு படிகளும் குறிப்புகளே என்பதால் அவற்றை மாணவர் இருவர் இருவராக மாற்றிப் படித்து வினாக் கேட்கலாம். இறுதிப் பத்தி மட்டும் ஆசிரியரிடம் வந்தால் போதும்.

மூன்றாவது, மறைவுரிமை. வீட்டு வறுமையையோ திருமணப் பேச்சையோ எழுதச் செய்வது மாணவரைக் கூச்சத்துக்கும் இடருக்கும் உள்ளாக்கக்கூடும். இது மெய்யான அச்சம். ஆகவே எழுதுவோர் தம்மைப் பற்றியோ, தம் ஊரில் தம் வயதினராகக் கற்பனை செய்த ஒருவரைப் பற்றியோ எழுதலாம் என்னும் தேர்வு எப்போதும் இருத்தல் வேண்டும். அத்தகைய பத்திகளை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தலும் கூடாது. ஓர் இடர் வெளிப்படுமாயின் ஆசிரியர் மொழிப்பிழை திருத்துவதோடு நின்றுவிட முடியாது என்பதையும் இப்பயிற்சியை மேற்கொள்வோர் முன்னரே உணர்ந்திருத்தல் வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருத்தல் இப்பாடத்தின் ஒரு பகுதியே.

முடிவுரை

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் விழுமியங்களுக்குக் குறைவில்லை. மனநிறைவு, முன்யோசனை, உழைப்பு, மொழிப்பற்று ஆகியன அதில் நிறைந்துள்ளன. அவற்றைத் தம் ஊரின் நிலைமையோடு உரசிப் பார்க்கும் எழுத்துவெளி மாணவருக்குத் தரப்படாததே குறை. முணுமுணுப்பை முறையீடாக மாற்றவும், எறும்பின் அறத்தின் எல்லையைக் கேட்கவும், இயந்திரத்துக்கு மறுமொழி கூறவும் அப்பாடநூலே இடம் தருகிறது. புதிய பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை.

‘ஐ வில்’ என்று மட்டும் எழுதக் கற்ற மாணவர், அது நிறைவேறாதபோது தம்மையே குறைகூறுவார். ‘இஃப்’ என்று எழுதக் கற்றவர் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று கேட்பார். அதை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்றும் கேட்பார். தேன்கனிக்கோட்டையின் பேருந்து நிறுத்தத்தில் ஒரே காலையில் பள்ளிப் பேருந்துக்கும் தொழிற்சாலைப் பேருந்துக்கும் காத்திருக்கும் இளையோருக்கு இவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டுமன்று. இவ்வரைவை ஒரு பள்ளியில் ஓராண்டு செயல்படுத்தி, மாணவர் எழுத்துகளைத் தொகுத்து ஆராய்வது அடுத்த கட்ட ஆய்வாக அமையலாம்.